வெள்ளிக்கிழமை வலி

லிந்துலை பஜாரில் கடலைப் பார்த்தவர்கள் அதிகமில்லை. பார்த்தவர்களும் காலை நனைத்து, ஐஸ்கிரீம் தின்று, மணலை உதறிவிட்டு பஸ் ஏறி வந்தவர்கள்தான். கடலுக்கு அடியில் போய் ஆற அமரப் பார்த்துவிட்டு வந்த ஆள் எங்கள் பஜாரில் ஒருவன்தான். பெயர் இம்தியாஸ். என் போட்டோ கொப்பிக் கடைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ரிஸ்வி நானாவின் தம்பி. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். அப்போதே கணக்குப் பாடத்தில் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆசிரியர் அடித்தால், யாரை அடிக்கிறார் என்று திரும்பித் தேடுவான்.

அவன் கடலுக்குப் போனதற்குக் காரணம் கருவாடு. ரிஸ்வி நானாவின் கடைக்குக் கற்பிட்டியிலிருந்து லொறியில் கருவாடு வரும். தோட்டத்துச் சனங்களுக்குச் சம்பளம் கிடைத்த வாரத்தில் கடை நிறையும். மற்ற வாரங்களில் அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஈ ஓட்டுவார்கள். கல்யாணமாகி, ஸஹ்லா என்றொரு பெண் பிள்ளையும் பிறந்த பிறகு, ஒரு கடை இரண்டு குடும்பத்தைத் தாங்காது என்று இம்தியாஸுக்கே விளங்கிவிட்டது. ஒருநாள் கருவாட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். பஜாரில் கேட்டவர்களிடம் ரிஸ்வி நானா, "தம்பி கற்பிட்டியில கருவாட்டு யாவாரம் பாக்கிறார்" என்று சொல்லிவைத்தார். கடைக்காரக் குடும்பத்துப் பிள்ளை கடலில் முங்குகிறான் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. வியாபாரம் என்ற சொல்லில் ஒரு மரியாதை இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் பருவத்தில் படகில் கயிறு பிடிக்கிற வேலைதான். ஆனால் சின்ன வயதில், தோட்டத்துக்குக் கீழே இருக்கும் ஆற்று மடுவில், எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் மூச்சடக்கிக் கிடந்தவன் அவன். கற்பிட்டிக்காரர்கள் அதைக் கவனித்தார்கள். அடுத்த பருவத்தில் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி இறக்கிவிட்டார்கள். எப்படி இறங்குவது, எப்படி மேலே வருவது என்று அவர்கள் சொல்லிக்கொடுத்ததை அவன் அச்சுப் பிசகாமல் செய்தான். முறை தவறி மேலே வந்து கை கால் விழுந்துபோனவர்களை அந்தக் கரையிலேயே அவன் பார்த்திருக்கிறான்.

முங்குவது கடலட்டைக்கு. அது பாட்டுக்கு மணலில் கிடக்கும், பொறுக்கிப் பையில் போட வேண்டியதுதான். கடலட்டையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேசினால் சிங்கி இறாலைப் பற்றித்தான். ஊருக்கு வந்தால் என் கடை மேசையில் சாய்ந்துகொண்டு, கொப்பி எடுக்க வந்த பிள்ளைகள் காத்து நிற்க, ஆரம்பித்துவிடுவான்.

"ஜனா, கல்லுக்கு மீச மொளச்ச மாதிரி இருக்கும்டா. பொந்துக்குள்ள ஆள் இருக்கிறதே தெரியாது. ரெண்டு மீச மட்டும் வெளிய நீட்டிட்டு இருக்கும். நான் கிட்டப் போனா ஓடாது. மெல்ல ஆட்டும். வந்திருக்கிறது யாருன்னு தடவிப் பாக்கிற மாதிரி."

"கடலட்டைக்குக் கூலி வாங்கிட்டு நீ இறாலோட கத பேசிட்டு நிக்கிற. மொதலாளிக்குத் தெரியுமா?"

"அங்க பேச்சே இல்லடா. அதுதான் சொகம்."

முதன்முதலில் கண்டதை அவன் பலமுறை சொல்லியிருக்கிறான். ஒரு பாறைத் தட்டுக்கு அடியில் முழு இறால் ஒன்று வெளியிலேயே நின்றதாம். கண், கால், மீசை எல்லாம் இருந்தன. கையை நீட்டிப் பிடித்தால் கனமே இல்லை. உள்ளே யாரும் இல்லை. தோலைக் கழற்றி அப்படியே நிறுத்திவிட்டு இறால் எங்கோ போயிருந்தது. பிறகு விளக்கைத் திருப்பினால், அதே தட்டின் உள்மூலையில் புதுத் தோலோடு அது பதுங்கியிருந்ததாம். இன்னும் இறுகாத தோல், லேசான நீலம், மடிப்புக் கலையாத புதுச் சட்டை போட்ட மாதிரி. அதைப் பிடிக்க மனம் வராமல் வந்துவிட்டான். எனக்குப் பசித்திருந்தால் பிடித்திருப்பேன் என்று நான் சொன்னேன். அதற்கு அவன் சிரிக்கக்கூட இல்லை.

எங்கள் ஊரில் சில காலைகளில் எதிர்மலையே இல்லாமல் போய்விடும். பஸ் வரும் சத்தம் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் இடுப்பில் சுற்றிய சிவப்பும் நீலமுமான பிளாஸ்டிக் விரிப்புகள் மட்டும் வெள்ளைக்குள் தோன்றும், நகரும், மறையும். அப்படியான காலைகளில் இம்தியாஸ் கடை வாசலில் நின்று, "கீழயும் இப்படித்தான் இருக்கும்" என்பான். அவன் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிய ஆரம்பித்தது. நான் தண்ணீருக்குள் நின்றுகொண்டு கொப்பி எடுப்பதாகவும், தேயிலைச் செடிகளுக்கு அடியில் எதுவோ மீசையை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பதாகவும் நினைப்பு ஓடும். வேலை கெட்டதுதான் மிச்சம்.

அவன் முங்கும் படகின் முதலாளி தொழுகையாளி. வெள்ளிக்கிழமை அவருடைய படகுகள் கரையை விட்டு நகராது. வியாழன் பின்னேரம் கடைசி முறை முங்கி எழுந்து, குளித்து, ஈரத்தலையோடு கருவாட்டு லொறியில் ஏறினால் விடியும்போது இம்தியாஸ் லிந்துலையில் இருப்பான். ஜும்மாவுக்கு ஊர்ப் பள்ளிவாசல், பகல் சோற்றுக்கு மனைவி ரிஸ்னாவின் கை. சனி பின்னேரம் லொறியோடு திரும்பிவிடுவான். மற்ற முங்குகாரர்கள் வியாழன் இரவு கரையில் கால் நீட்டிப் படுத்துத் தூங்குவார்கள். இவன் மலையேறுவான். இருக்கிற ஒரே ஓய்வு நாளில் ஒரு துளியைக்கூடக் கடற்கரையில் சிந்த அவனுக்கு மனமில்லை.

சிலிண்டர் கட்டிய பருவத்திலிருந்துதான் அந்த வலி வந்தது. கடற்கரையில் ஒன்றுமில்லை. லொறி கினிகத்தேனை ஏற்றத்தில் ஏறத் தொடங்கும்போது தோள்மூட்டில் யாரோ மெல்ல ஆணி திருகுவது போல் ஆரம்பிக்கும். ஹட்டன் தாண்டும்போது முழங்கை. லிந்துலையில் இறங்கும்போது கையைத் தூக்க முடியாது. ஈரத்தலையில் மலைக்குளிர் இறங்கிவிட்டது என்றார் ரிஸ்வி நானா. கண்ணூறு என்றாள் என் மனைவி தனுஜா. ரிஸ்வி நானா கூட்டிப்போய்க் காட்டிய வைத்தியர், என்ன தொழில் என்று கேட்டார். "யாவாரம்" என்றார் நானா. வாதத்துக்கு மாத்திரை கிடைத்தது. சனிக்கிழமை லொறி கீழே இறங்க இறங்க வலியும் இறங்கிப் போய்விடும். மாத்திரைதான் வேலை செய்கிறது என்று நானா சந்தோஷப்பட்டார்.

ரிஸ்னா சந்தோஷப்படவில்லை. அவள் கம்பளைப் பெண். வாய் குறைவு, கண் அதிகம். வெள்ளிக்கிழமை விடியலில் எழுந்து, தலைவாரி, கணவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைக்க எடுத்துவைத்துக்கொண்டு நிற்பாள். வருகிறவன் முகம் கறுத்து வருவான். "வாப்பா, தூக்குங்க" என்று ஓடிவரும் ஸஹ்லாவைத் தூக்க மாட்டான். "பொறவு மகள், பொறவு" என்று நகர்ந்துகொள்வான். பிள்ளை கையைப் பிடித்துத் தொங்கினால் பல்லைக் கடிப்பான். இதெல்லாம் போதாதென்று ஒருநாள் மனைவியிடம் இப்படியும் சொல்லிவைத்தான்: "கினிகத்தேன எறக்கம் எறங்கினதும் வலியெல்லாம் போயிடுது ரிஸ்னா. என்ன மாயமோ தெரியல்ல."

பெண்டாட்டியிடம் சொல்கிற பேச்சா இது? உண்மை பேசுவதற்கும் கொஞ்சம் புத்தி வேண்டும். அது அவனுக்கு இல்லை.

துணி காயப்போடும் இடத்தில் ரிஸ்னா என் மனைவியிடம் மனதைத் திறந்துவிட்டாள். "அக்கா, வீட்டுக்கு வந்தா வருத்தம், எங்கள விட்டுட்டுப் போனா சொகம். ஒரு பொம்பளைக்கு இதுக்கு மேல என்னத்தச் சொல்லணும்? அங்க ஒருத்தி இருக்கணும். இல்லாட்டி இந்த வீடு அவருக்குப் புடிக்கல்ல. எதுன்னாலும் எனக்கு ஒண்ணுதான். ஞாயித்துக்கெழம என் கூடப்பொறந்த நானா கம்பளையில இருந்து வாறார். இந்த வெள்ளிக்கெழமையும் அதே மொகத்தோட வந்தார்ன்னா, நானும் மகளும் நானாவோட போயிடுவோம். மகளோட வாப்பாகிட்டயும் போன்ல சொல்லிட்டேன்."

தனுஜாவின் வாயில் ரகசியம் தங்காது. அன்று மாலையே நான் இம்தியாஸுக்குப் போன் எடுத்தேன்.

"ஜனா, அங்க உங்களுக்கு அப்படி என்னதான் இருக்குன்னு கேக்கிறா. வாயால சொன்னா அவளுக்கு வெளங்காது. கொண்டாந்து காட்டுறேன்" என்றான்.

"மச்சான், அவ கேக்கிறது அது இல்ல..." என்பதற்குள் வைத்துவிட்டான். மீசையைத் தவிர வேறொன்றும் தெரியாதவன்.

அந்த வியாழக்கிழமை நடந்ததை அவன் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடலட்டை வேலை முடிந்துவிட்டது. ஒரு நல்ல சிங்கி இறாலாகப் பார்த்து உயிரோடு கொண்டுபோக வேண்டும் என்று, தூரத்துப் பாறைக்குப் படகை விடச் சொல்லி, இன்னொரு சிலிண்டரோடு இறங்கியிருக்கிறான். வழக்கத்தைவிட ஆழம். வெளிச்சம் பச்சையாகி, பிறகு சாம்பலாகி, தன் கை நிறமே தனக்குத் தெரியாத இடம். பாறைக்கு நடுவே ஒரு குகை. விளக்கடித்தால் மேல்கூரை முழுவதும் மீசை. ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அத்தனையும் இவன் பக்கம் திரும்பி ஆடின. எதுவும் ஓடவில்லை. இவன் மூச்சுவிட்ட காற்று கூரையில் வெள்ளியாகத் தேங்கி, அதற்குள் அவற்றின் கால்கள் நடந்தன. ரிஸ்னாவை இங்கே கொண்டுவந்து நிறுத்த முடிந்தால், ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை என்று அவனுக்குத் தோன்றியதாம். நேரம் போனது தெரியவில்லை. முட்டை சுமந்தவற்றை ஒதுக்கிவிட்டு, ஓர் ஆணைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். முறைப்படிதான் வந்தான். உடம்பில் ஒரு குறையும் இல்லை. நனைத்த சாக்கில் இறாலைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லொறி ஏறினான்.

வெள்ளி காலை பஜாரில் கண் தெரியாத பனி. லொறியின் மஞ்சள் விளக்கு வந்து நின்றது. கதவு திறந்து வெகுநேரம் கழித்துத்தான் அவன் இறங்கினான். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். உதடு வெளுத்திருந்தது. மார்போடு அணைத்திருந்த சாக்குக்குள்ளிருந்து கதவுக் கீல் போல ஒரு கிறீச் சத்தம். கடைக்கு மேலே இருக்கும் வீட்டிலிருந்து ரிஸ்னா பிள்ளையோடு இறங்கி வந்து நின்றாள்.

"இந்தா ரிஸ்னா. இதுதான். கீழ இதத்தான் பாத்துட்டு இருப்பேன்" என்று சாக்கைத் திறந்தான். எங்கள் பனியில் கடல் இறால் ஒன்று மீசையை நீட்டித் தடவியது. நான் வாய் பிளந்து நின்றேன். அத்தனை பச்சையும் நீலமும் ஓர் உடம்பில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ரிஸ்னா அதைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். "மகளத் தூக்குங்க" என்றாள்.

அவன் குனிந்தான். கை எழவில்லை. "முடியல்ல" என்றான்.

"சரி. அப்ப நாங்க போறோம்."

அவன் அவள் பக்கம் ஓர் அடி வைத்தான். கால் மடங்கி, சாக்கோடு சேர்ந்து தெருவில் விழுந்தான்.

பள்ளிக்கூடங்களுக்குக் கொப்பிகள் ஏற்றும் என் வேனில் அவனைப் படுக்கவைத்தோம். ஸஹ்லாவைத் தனுஜா தூக்கிக்கொண்டாள். ரிஸ்னா பின்னால் ஏறி, கோபத்தோடேயே அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று நான் நுவரெலியாப் பக்கம் ஏறினேன். ஒவ்வொரு வளைவுக்கும் அவன் முனகல் கூடியது. நானுஓயாவை நெருங்கும்போது அவன் அலறினான்.

"ஜனா, ஏறாத! ஏறாதடா! கீழ எறக்கு!"

அந்தக் குரலை நான் அவனிடம் கேட்டதேயில்லை. எதற்கு என்று கேட்காமல் வேனைத் திருப்பினேன். வந்த வளைவெல்லாம் திரும்ப இறங்கி, எங்கள் கடைகளைக் கடந்து, தலவாக்கலைப் பாலம் வரும்போது அவன் மூச்சு கொஞ்சம் சீராகியிருந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு விட்டேன். கண்ணாடியில் ரிஸ்னாவின் முகம் தெரிந்தது. கண் நிறைந்திருந்தது.

"பாத்தீங்களா அண்ணே?" என்றாள். "வீட்டத் தாண்டி வந்ததும் சொகமாகிட்டார்."

நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துப் பாதையைப் பார்த்து ஓட்டினேன்.

டிக்கோயாவில் ஓர் இளம் சிங்களப் பெண் டாக்டர் அவனைப் பார்த்தார். எங்கே வலி, எப்போதிருந்து என்றெல்லாம் கேட்டுவிட்டு, தொழில் என்ன என்றார். படுத்துக்கிடந்தவன் கண்ணை மூடிக்கொண்டே, பழக்க தோஷத்தில், "யாவாரம்" என்றான்.

"பொய்" என்று ரிஸ்னா சிங்களத்தில் குறுக்கிட்டாள். இத்தனை நாள் அடக்கியது எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்தது. "வியாபாரம் ஒன்றுமில்லை. கற்பிட்டியில் கடலுக்குள் முங்குகிறார். நேற்றும் முங்கினார். மனசை அங்கேயே விட்டுவிட்டு, உடம்பை மட்டும் இங்கே கொண்டுவந்து போடுகிறார்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். நேற்று எத்தனை மணிக்குக் கடைசியாக முங்கினார்? எவ்வளவு ஆழம்? மலையேறத் தொடங்கியது எப்போது? கேட்டுக்கொண்டே தாதியைக் கூப்பிட்டார். ஒக்சிஜன் முகமூடி வந்தது. டாக்டர் வெளியே போய் யாரோடோ வெகுநேரம் போனில் பேசினார். கடலில் முங்குகிறவர்களைப் பார்க்கும் கடற்படை டாக்டர் ஒருவராம்.

நாங்கள் வாங்கில் காத்திருந்தோம். ரிஸ்வி நானா போன் எடுத்தார். தம்பியை விசாரித்துவிட்டு, இறாலைப் பெரிய பேசினில் போட்டுப் பைப் தண்ணீர் நிரப்பி வைத்ததாகவும், அது செத்துவிட்டதாகவும் வருத்தத்தோடு சொன்னார். பகலுக்கு மேல் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். இம்தியாஸ் முகமூடியோடு கண் திறந்து கிடந்தான். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. கால் விரல்களை ஆட்டிக் காட்டினான்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். ஆழத்தில் இருக்கும்போது சிலிண்டர் காற்று உடம்புக்குள் ஊறிவிடுகிறது. கரைக்கு வந்த பிறகும் அது முழுவதும் வெளியேற ஒரு நாள் போல ஆகும். கரையிலேயே இருந்தால் ஒன்றும் தெரியாமல் போய்விடும். மலையில் காற்று மெல்லியது. அந்த உயரத்துக்கு உடனே ஏறினால், மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரி உடம்புக்குள்ளேயே நுரைக்கும். மூட்டில் நுரைத்தால் வலி, நரம்பில் நுரைத்தால் கால் போய்விடும். நல்ல வேளை, இந்த முறை தப்பியிருக்கிறது. கொஞ்ச நாளைக்குக் கடல் பக்கமே போகக்கூடாது. பிறகும் இன்னொரு டாக்டர் பார்த்து, சரி என்று சொன்னால்தான்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கற்பிட்டியில் முங்குகிற எவனும் முங்கிய கையோடு மலையேறி வீட்டுக்குப் போவதில்லை. எங்கள் மலையில் இருக்கிற எவனும் முங்குவதில்லை. அதனால்தான் இவனுடைய வலிக்கு இரண்டு ஊரிலும் பெயர் தெரியவில்லை.

"நான் திருகோணமலையில் வேலை செய்யும்போது முங்குகாரர்களைப் பார்த்திருக்கிறேன்" என்றார் டாக்டர். "எல்லாரும் அவசரமாகத் தண்ணீரிலிருந்து எழும்பி வந்து இந்த நோயை வாங்குவார்கள். இவர் ஒழுங்காகத்தான் எழும்பியிருக்கிறார். ஒரு நாள் கடற்கரையில் தூங்கிவிட்டு வந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. ஒவ்வொரு முறையும் வலிக்கும் என்று தெரிந்தும், இவ்வளவு அவசரமாக வீட்டுக்கு ஏன் ஓடி வருகிறார்?"

அவர் அதை ரிஸ்னாவிடம்தான் கேட்டார். டாக்டர்கள் கேட்பது போல, உண்மையிலேயே காரணம் தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ரிஸ்னா சால்வை முனையை முகத்தில் அழுத்திக்கொண்டு அப்படியே நின்றாள். தோள் குலுங்கியது. இம்தியாஸ் பயந்துபோய் முகமூடியை விலக்கினான். அவனுக்கு இப்போதும் ஒன்றும் புரிந்த மாதிரித் தெரியவில்லை.

"ஒரு நாள் கீழ நின்னுட்டா வெள்ளிக்கெழம போயிடுமே" என்றான் மெல்லிய குரலில். "பொறவு எப்ப ஒங்களப் பாக்கிறது?"

ரிஸ்னா அவன் முகமூடியைத் திரும்பச் சரியாக வைத்தாள். வலிக்கிற கையைத் தொடாமல் மறுகையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே மெதுவா வாங்க" என்றாள். "நான் இருப்பேன்."